மெஷினுக்கு இடம் கிடைக்கும், துணிக்குத்தான் கிடைக்காது

விசுவமடுப் பக்கத்திலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருந்தார். இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீடு. இரண்டு அறை, ஒரு ஹோல், குசினி, முன்னால் அரைச்சுவர் வைத்த விறாந்தை. கணவர், மாமியார், இரண்டு பிள்ளைகள்; சின்னவன் இப்போதுதான் தவழத் தொடங்கியிருக்கிறான். காலால் மிதித்துத் தைக்கிற கால் மெஷின் ஒன்று இருக்கிறது, ஊர்ப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடச் சீருடை தைத்துக் கொடுக்கிறார். மிஞ்சுகிற துண்டுகளைச் சேர்த்து குயில்ட், அதாவது துண்டுகளைப் பொருத்தி அடுக்காகத் தைக்கிற போர்வை, தைக்க ஆசை. கனடாவிலுள்ள மச்சாள் இரண்டு வேண்டும் என்று கேட்டும் விட்டார். விறாந்தையைத் தகரத்தால் அடைத்துத் தையல் அறை ஆக்கினால் சரிவருமா என்பது கேள்வி.

தங்கச்சி, நீங்கள் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். நடுவில் ஒரு வரி இருக்கிறது: பின்னேரம் மாமியார் சாப்பாட்டுக்குப் பாய் விரிக்க வரும்போது எல்லாவற்றையும் அள்ளி மூலையில் போடவேண்டியிருக்கிறது, அடுத்த நாள் திரும்பப் பரப்ப மனம் வருவதில்லை என்று. நீங்கள் உண்மையில் கேட்டது அதைத்தான். அள்ளிவைக்கவும் பரப்பவும் ஒரு மணித்தியாலம் போகிற வீட்டில் புது அறை ஒன்று கட்டினாலும் ஆறு மாதத்தில் அதுவும் நிரம்பிவிடும். பிறகு அதற்குள்ளும் அள்ளிவைக்கிற கதைதான். அதனால் விறாந்தைக்குக் கடைசியில் அல்ல, முதலிலேயே பதில் சொல்லிவிட்டு மற்றதற்கு வருகிறேன்.

அடைக்கவேண்டாம். நான் அடைத்துப் பார்த்தவள். எனக்கும் உங்களுடையது மாதிரி 550 சதுர அடி வீடுதான். கட்டி இரண்டாம் வருடமே விறாந்தையின் ஒரு பக்கத்தைத் தகரம் அடித்து மறைத்து மெஷினை உள்ளே வைத்தேன். சித்திரை மாதம் பதினொரு மணிக்குப் பிறகு உள்ளே இருக்க முடியவில்லை. வேர்வை சொட்டி வெள்ளைத் துணியில் அடையாளம் விழுந்தது. கார்த்திகையில் மழை தொடங்கியதும் தகரத்துக்கும் சுவருக்கும் இடையில் தண்ணீர் ஒழுகி மெஷினின் ஊசித் தண்டு துருப்பிடித்தது. அதைவிடப் பெரிய நட்டம் வெளிச்சம். விறாந்தையை மறைத்ததால் ஹோலும் இருண்டு, பகலிலேயே லைற் போடவேண்டி வந்தது. அடுத்த வருடம் தகரத்தைக் கழற்றிக் கோழிக்கூட்டுக்குக் கொடுத்துவிட்டேன். கல்லால் கட்டி ஓடு போட்டு யன்னல் வைத்தால் கதை வேறாக இருக்கலாம். ஆனால் நான் தையல்காரி. அத்திவாரமும் கூரையும் பாரம் தாங்குமா என்பதை ஒரு மேசனைக் கூட்டிவந்து காட்டித்தான் கேட்கவேண்டும். நான் சொல்லக்கூடியது, திறந்த விறாந்தை தையலுக்கு அடைத்த விறாந்தையைவிடக் கூடுதலாக உதவும் என்பது. எப்படி என்று கீழே வருகிறது.

தைக்கத் தொடங்கி இருபத்துநான்கு வருடம். அதில் பாதிக்கு மேல் எங்கள் ஊர் மாதர் சங்கத்தில் பிள்ளைகளுக்குப் பழக்கியும் வருகிறேன். பழக வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது மெஷினை எங்கே வைப்பது என்றுதான். மெஷின் ஒரு பிரச்சினையே இல்லை. கால் மெஷினின் மேசை மூன்றடி நீளம், ஒன்றரையடி அகலம். கதிரையும் உங்கள் முழங்காலும் சேர்ந்து இன்னும் இரண்டரை அடி எடுக்கும். ஆக மூன்றுக்கு நான்கு, பன்னிரண்டு சதுர அடி. உங்கள் வீட்டில் நாற்பதில் ஒரு பங்குகூட இல்லை. தைக்காத நேரம் தலையை உள்ளே இறக்கி மூடினால் அது சாமான் வைக்கிற ஒரு மேசை. வீட்டைத் தின்பது வெட்டுகிற வேலையும் துணிக் குவியலும். இந்த இரண்டையும் மெஷினிலிருந்து பிரித்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

மெஷின் ஒரே இடத்தில் அசையாமல் இருக்கட்டும். ஹோலில் யன்னலுக்குப் பக்கத்தில், வெளிச்சம் உங்களுக்கு முன்பக்கமாகவோ இடப்பக்கமாகவோ விழுகிற மாதிரி. வலக்கைக்காரருக்கு வலப்பக்கமிருந்து வெளிச்சம் வந்தால் கையின் நிழல் ஊசியிலேயே விழும். ஒரு மணித்தியாலத்தில் கண் கூசும். சீமெந்துத் தரையில் மெஷின் கால் நகர்ந்தபடி இருந்தால் பழைய இறப்பர் செருப்பை நான்கு துண்டாக வெட்டி ஒவ்வொரு காலின் கீழும் வையுங்கள். சத்தமும் பாதியாகும், பிள்ளை நித்திரையில் இருக்கும்போது தைக்கலாம். மெஷின் சத்தத்தில் ரீவி கேட்கவில்லை என்று மாமியார் சொல்வதாக எழுதியிருந்தீர்கள். அதற்கும் இது கொஞ்சம் உதவும். மிச்சத்துக்கு என்னிடம் மருந்தில்லை.

கால் மெஷினை விற்றுவிட்டுக் கரண்ட் மெஷின் சின்னதாக வாங்கினால் இடம் மிஞ்சுமா என்றும் கேட்டிருந்தீர்கள். மிஞ்சும், ஆனால் நான் விற்கமாட்டேன். 2022ஆம் ஆண்டு ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்களே, அந்த நாட்களில் எங்கள் சங்கத்தில் வேலை நிற்காமல் போனது கால் மெஷின்களில் மட்டும்தான். குயில்ட் தைக்க இன்னொரு காரணமும் இருக்கிறது. கால் மெஷினின் தலை மேசைக்குள் இறங்கியிருப்பதால் ஊசித்தட்டும் மேசைப்பலகையும் ஒரே மட்டம். துணி சமதரையில் போகிற மாதிரிப் போகும். சின்னக் கரண்ட் மெஷினை மேசைமேல் தூக்கி வைத்தால் துணி ஒவ்வொரு தரமும் ஒரு படி ஏறி இறங்கவேண்டும். மெல்லிய சட்டைக்கு அது தெரியாது. மூன்று மடிப்புப் போர்வைக்குத் தெரியும்.

இதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம், ஏனென்றால் குயில்ட் தைக்கிறவர்கள் அதிகம் ஊசி முறிப்பது இந்த இடத்தில்தான். போர்வையின் ஒரு பக்கம் மேசையிலிருந்து கீழே தொங்குகிறது. அதன் பாரம் துணியைத் தன் பக்கம் இழுக்கிறது. மெஷினின் பல்லோ துணியைப் பின்னால் தள்ளுகிறது. ஊசி துணிக்குள் இறங்கியிருக்கும்போது இந்த இழுபறி நடந்தால் ஊசி ஒரு மயிரிழை வளையும். வளைந்த ஊசி ஓட்டைக்குள் போகாமல் தட்டில் முட்டும். ஒன்றில் முறியும், அல்லது முனை மழுங்கி அடுத்த பத்துத் தையலில் இரண்டைத் தவறவிடும். நாங்கள் நூலைக் குற்றம் சொல்வோம், பொபினைக் கழற்றிப் பூட்டுவோம். பிழை தொங்குகிற துணியில் இருக்கும். மெஷினின் இடப்பக்கத்தில் அதே உயரத்துக்கு, ஏறக்குறைய முப்பது அங்குலம், ஒரு மேசையோ இரண்டு கதிரைமேல் பலகையோ வைத்துப் பாரத்தை அதில் ஏற்றிவிடுங்கள். ஊசியும் பதினாலாம் நம்பரை விட்டுப் பதினாறு போடுங்கள்.

அப்படியென்றால் இடப்பக்கமும் பின்பக்கமும் சுவர் இருக்கக்கூடாதே, யன்னலோரத்தில் எப்படி என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. சீருடைக்கும் பிளவுஸுக்கும் சுவரிலிருந்து ஆறு அங்குலம் இடைவெளி காணும். குயில்ட் என்பது ஒவ்வொரு நாளும் தைக்கிற சாமான் இல்லை. துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்துகிற வேலை மாதக்கணக்கில் அந்த மூலையிலேயே நடக்கும். கடைசியில் மூன்று மடிப்பையும் சேர்த்துத் தைக்கிற இரண்டு மூன்று நாளுக்கு மட்டும் மெஷினைக் கணவரோடு சேர்ந்து பிடித்து விறாந்தைக்குக் கொண்டுபோங்கள். காலை ஏழு மணி வெளிச்சம், காற்று, நான்கு பக்கமும் வெளி. விறாந்தையைத் திறந்தபடி விடச் சொன்னதற்கு இது ஒரு காரணம்.

மற்றக் காரணம் அரைச்சுவர். துணி வெட்டுவதற்கு நல்ல உயரம் உங்கள் முழங்கையிலிருந்து நான்கு விரற்கடை கீழே; எங்கள் உயரத்துப் பெண்களுக்கு முப்பத்துநான்கு முப்பத்தாறு அங்குலம் வரும். அரைச்சுவர்கள் பெரும்பாலும் அதற்குக் கிட்டத்தான் இருக்கும், அளந்து பாருங்கள். எட்டடிக்கு நான்கடி பிளைவுட் ஒன்றை மரக்காலையிலேயே நான்கடிக்கு இரண்டரையடி என்று வெட்டித் தருவார்கள். அதன் நீளப் பக்கத்தை அரைச்சுவரின் உட்பக்கத்தில் பிணைச்சலால் பூட்டி, கீழே இரண்டு மடக்குக் கால் வைத்தால் வெட்டும்போது தூக்கி நிறுத்தலாம், முடிந்ததும் சுவரோடு தொங்கவிடலாம். தச்சரிடம் கொடுக்க வசதியில்லை என்றால் பலகையைத் தனியாகக் கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்து, வேண்டியபோது ஒரு பக்கத்தை அரைச்சுவர்மேலும் மறுபக்கத்தை அதே உயரத்துக்கு ஏதாவதொன்றின்மேலும் வைத்து வெட்டலாம். முதிரையோ பாலையோ தேடவேண்டாம், பாரம் தாங்கமாட்டீர்கள். நாங்கள் எல்லோரும் நிலத்தில் பாய் போட்டுக் குந்தியிருந்து வெட்டிப் பழகியவர்கள்தான். நாற்பது வயதுக்குப் பிறகு முழங்காலும் நாரியும் அதற்குக் கணக்குக் கேட்கும். ஏற்கெனவே நோ இருந்தால் பலகையின் உயரத்தை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

இனித் துணி. இதில்தான் என் கை சுட்டது. ஒரு தை மாதம், பள்ளிக்கூடம் தொடங்குகிற நேரம், சீருடைத் துணிகளை ஒரு சாக்கில் போட்டுக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவைத்திருந்தேன். இரண்டு கிழமை கழித்து இழுத்தால் சாக்கின் அடி நிலத்தோடு ஒட்டியிருந்தது. சீமெந்து வெடிப்புக்குள்ளால் கறையான் ஏறி, வெள்ளைத் துணி நான்கு பேருடையது மண்ணும் ஓட்டையுமாகப் போய்விட்டது. நான்கு வீட்டுக்கும் நானே துணி வாங்கிக் கொடுத்தேன். வன்னி மண்ணில் இது எல்லோருக்கும் தெரிந்த விசயம்தான், ஆனாலும் கட்டிலுக்குக் கீழே இடம் வெறுமையாகக் கிடந்தால் கை தானாக அங்கேதான் தள்ளுகிறது. பருத்தி கறையானுக்கு மரம் மாதிரித்தான். நிலத்தைத் தொடாமல், சுவரைத் தொடாமல் வைக்கவேண்டும். நான்கு அங்குல இடைவெளி விட்டால் கறையான் மண்குழாய் கட்டி ஏறுவது கண்ணுக்குத் தெரியும், தட்டிவிடலாம். ராக்கையின் கால்களைக் கழிவெண்ணெய் ஊற்றிய மீன்ரின்னுக்குள் வைக்கிற பழைய வழி இன்றைக்கும் நல்லது, ஆனால் தவழ்கிற பிள்ளை இருக்கிற வீட்டில் வேண்டாம். பதிலுக்குச் சுவரின் மேற்பக்கத்தைப் பாவியுங்கள். கதவு நிலைக்கு மேலே, ஹோலின் நீளத்துக்கு, ஒரு அடி அகலப் பலகை ஒன்று அடித்தால் போதும். எல்லா வீட்டிலும் அந்த இடம் வெறுமையாகத்தான் கிடக்கிறது.

அந்தத் தட்டில் என்ன வைப்பது? சாக்கு வைக்கவேண்டாம். சாக்குக்குள் இருப்பது தெரியாது. தெரியாததைத் தேட எல்லாவற்றையும் கொட்டுவீர்கள். கொட்டினால் ஹோல் போய்விட்டது. மூடியுள்ள பிளாஸ்ரிக் பெட்டி இரண்டு, ஒன்றில் மற்றவர்களின் துணி, மற்றதில் உங்களுடையது. மற்றவர்களின் துணியை ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாகச் சுற்றி, அளவெழுதிய கடதாசியைக் குத்தி வையுங்கள். துண்டுகளுக்கு ஆச்சி காலத்து ஓலைக் கடகம் நல்லது, காற்றுப் போகும். ஆனால் எலி உள்ள வீட்டில் கடகம் கூடாகிவிடும். மழை தொடங்கினால் பாம்பும் தேளும் காய்ந்த இடம் தேடி உள்ளே வருகிற ஊர் எங்களுடையது. நிலத்தில் கிடக்கிற துணிக் குவியலுக்குள் பாராமல் கைவிடாதீர்கள்.

துண்டுகளைக் குறைக்க ஒரு வழி இருக்கிறது, இதை மட்டும் பிடித்துக்கொண்டாலும் போதும். மிஞ்சுகிற துண்டை மிஞ்சிய அன்றைக்கே ஐந்து அங்குலச் சதுரமாக வெட்டிவிடுங்கள். தடித்த கடதாசி மட்டையில் ஐந்துக்கு ஐந்து ஒன்று வெட்டி மெஷின் லாச்சிக்குள் வைத்திருந்தால் அளக்கவும் தேவையில்லை. சதுரம் வராத சின்னத் துண்டுகளைக் கால்மிதிக்கு ஒரு பையில் போடுங்கள், பை நிரம்பினால் அடுத்த துண்டுக்கு இடமில்லை என்று ஒரு சட்டம் வையுங்கள். கால் அங்குலத் தையல் போனால் ஐந்து அங்குலச் சதுரம் நாலரை அங்குலமாகும். எட்டுச் சதுரம் அகலம், பத்துச் சதுரம் நீளம் வைத்தால் முப்பத்தாறுக்கு நாற்பத்தைந்து அங்குலப் போர்வை ஒன்று. எண்பது சதுரம். அந்த எண்பதையும் அடுக்கினால் ஒரு தடித்த கொப்பி அளவு உயரம்தான் வரும், ஒரு பிஸ்கற் ரின்னுக்குள் அடங்கிவிடும். அதே துணி துண்டாகக் கிடந்தபோது அரைச் சாக்கு எடுத்திருக்கும். நீங்கள் சொன்ன "இடமில்லை" என்பதில் பெரும்பகுதி இந்த அரைச் சாக்குத்தான் என்று நினைக்கிறேன்.

சீருடை வெள்ளை மட்டும் வைத்துக் குயில்ட் தைத்தால் ஆசுப்பத்திரிப் போர்வை மாதிரி இருக்கும், அது வேறு கதை. சீத்தைத் துணி, பழைய சாறம், நைற்றி வெட்டிய மிச்சம் எல்லாம் அக்கம்பக்கத்தில் கேட்டால் தருவார்கள். ஒரே தடிப்புள்ள பருத்தியாகப் பொறுக்குங்கள். புதுத் துணியை வெட்டமுதல் நனைத்துக் காயவைப்பது கட்டாயம். பருத்தி சுருங்கும், ஒன்று சுருங்கி மற்றது சுருங்காவிட்டால் முதல் தோய்ப்பிலேயே போர்வை கோணிவிடும். சிவப்பையும் கடும் நீலத்தையும் ஈரமான வெள்ளைத் துண்டொன்றால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள், சாயம் ஒட்டினால் அதை வெள்ளைக்குப் பக்கத்தில் வைக்கவேண்டாம். மச்சாள் வோஷிங் மெஷினில்தான் போடுவார்.

சதுரங்களைப் பரப்பி எது எங்கே என்று பார்க்கவும் இடம் வேண்டும். வெளிநாட்டில் குயில்ட் தைக்கிறவர்கள் சுவர் நிறையத் துணி அடித்து அதில் ஒட்டிப் பார்க்கிறார்கள். எங்களுக்குப் பாய் இருக்கிறது. பன்பாயில் எண்பதையும் அடுக்குங்கள். மாமியார் சாப்பாட்டோடு வருகிறாரா? அடுக்கின்மேல் பழஞ்சேலை ஒன்றை விரித்துப் பாயோடு சேர்த்து மெதுவாகச் சுருட்டி மூலையில் சாய்த்துவிடுங்கள். அடுத்த நாள் விரித்தால் ஒன்றிரண்டுதான் இடம் மாறியிருக்கும். அள்ளிவைக்கிற ஒரு மணித்தியாலம் ஒரு நிமிடமாகிவிடும். அயர்ன் பண்ணுகிற வேலையும் இப்படித்தான். ஒவ்வொரு தையலுக்கும் எழும்பிப்போய் அயர்ன் பண்ணினால் வேலை ஓடாது. தைத்த மூட்டின்மேல் கரண்டியின் முதுகால் அழுத்தித் தேய்த்துவிட்டு ஒரு வரிசை முடிந்ததும் மொத்தமாக அயர்ன் பண்ணலாம். ஒரு அடிப் பலகையில் பழைய துவாயைச் சுற்றிக் கட்டினால் அதுவே அயர்ன் மேசை. அயர்னைச் சுவர்ப் பிளக்கில் மட்டும் குத்துங்கள், மெல்லிய வயரில் இழுத்த நீட்டுப் பிளக்கில் வேண்டாம். சூடாகி வயர் உருகும்.

நடுவில் பஞ்சு வேண்டுமா? குயில்ட் என்றால் மேலே ஒட்டுத்துணி, நடுவில் பஞ்சு மடிப்பு, கீழே ஒரு துணி என்பது குளிர் நாட்டு வழக்கம். வன்னியில் மார்கழிப் பனியில்கூட அது வேர்க்கும். நடுவில் பழைய பருத்திப் போர்வை ஒன்றை வைத்தால் போதும், அல்லது இரண்டு மடிப்போடு விடலாம். எங்கள் அம்மம்மாமார் பழஞ்சேலையை இரட்டித்துத் தைத்துப் பிள்ளைக்கு விரித்தது அதுதான். வங்காளத்துக் கந்தாவும் பழைய சேலைகளை அடுக்கி ஓடு தையல் போடுவதுதான். பஞ்சில்லாவிட்டால் மெஷினின் கைக்குக் கீழே போர்வையைச் சுருட்டிப் போடுவதும் சுலபம். வீட்டு மெஷினில் ஊசிக்கும் வலப்பக்கத் தூணுக்கும் இடையில் ஏழெட்டு அங்குலம்தான் இருக்கிறது. பஞ்சு வைத்த பெரிய போர்வை அதற்குள் நுழையாது. கனடாவுக்குப் போகிறதும் இப்படிப் பருத்தி மட்டும் என்றால் ஏறக்குறைய அரைக் கிலோதான் வரும், பார்சலுக்கு நல்லது. பஞ்சு வைத்துத்தான் வேண்டும் என்று மச்சாள் சொன்னால், பதினைந்து அங்குலக் கட்டம் கட்டமாக மூன்று மடிப்பையும் தைத்து முடித்து, பிறகு கட்டங்களை இணைத்து மூட்டின்மேல் பட்டி வைக்கலாம். கட்டம் மடியில் அடங்கும்.

மெஷினே வேண்டாம் என்றொரு வழியும் உண்டு. கர்நாடகாவில் ஆபிரிக்க வழிவந்த சித்தி மக்கள் கவந்தி என்று ஒரு போர்வை தைக்கிறார்கள். சட்டம், மேசை ஒன்றும் கிடையாது. கீழே ஒரு சேலைத் துணி, அதன் ஓரத்திலிருந்து தொடங்கித் துண்டுகளின் விளிம்பை உள்ளே மடித்து வைத்து வைத்துக் கையாலேயே ஓடு தையல் போட்டுச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். கடைசித் துண்டு நடுவில் பூட்டினால் போர்வை முடிந்தது. நான் ஒரு சின்னது தைத்துப் பார்த்தேன். பின்னேரம் விறாந்தைப் படியில் இருந்து கதைத்துக்கொண்டே தைக்கலாம், பஸ்ஸிலும் தைக்கலாம். இரண்டரை மாதம் எடுத்தது என்பதையும் சொல்லவேண்டும். கையால் தைத்ததென்று சொல்லி அதற்கேற்ற விலை கேட்கலாமா என்பது உங்கள் மச்சாளின் மனதைப் பொறுத்தது.

பிள்ளையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். குண்டூசியை எண்ணி எடுத்து எண்ணி வையுங்கள். ஒரு ரின்னில் முப்பது என்றால் வேலை முடிய முப்பது இருக்கவேண்டும். பழைய ஸ்பீக்கரைக் கழற்றினால் நல்ல காந்தம் ஒன்று வரும், அதை ஒரு நூலில் கட்டிப் பின்னேரம் தரையில் இழுத்துக்கொண்டு போனால் நீங்கள் பார்க்காத ஊசியும் வந்து ஒட்டும். முறிந்த ஊசியின் இரண்டு துண்டும் கிடைக்கும்வரை பிள்ளையை இறக்கவேண்டாம். துணிக்குப் பூச்சி உருண்டை போடுகிற பழக்கம் இருந்தால் குழந்தைத் துணிக்கு மட்டும் போடவேண்டாம். இரத்தத்தில் பிறவியிலேயே ஒரு குறை உள்ள குழந்தைகளுக்கு அந்த நப்தலீன் மணமே சிவப்பணுக்களை உடைத்து மஞ்சளாக்கிவிடும். குறை இருப்பது பார்த்தால் தெரியாது. நான் வேப்பிலை காயவைத்துப் போடுகிறேன். அது என் அம்மா செய்ததால் செய்கிறேன், அதற்குமேல் உத்தரவாதம் இல்லை. மச்சாள் கேட்டது ஒரு குழந்தைக்கு என்றால், அதற்கு ஒரு வயது ஆகவில்லை என்றால் குயில்ட்டை நித்திரைக்குப் போர்த்தாமல் நிலத்தில் விளையாட விரிக்கச் சொல்லுங்கள், முகத்தில் ஏறினால் எடுக்கத் தெரியாத வயது.

எண்ணெய் பற்றியும் ஒரு சொல். தேங்காயெண்ணெய் விடாதீர்கள், காய்ந்து பிசினாகி மெஷினை இறுக்கிவிடும். மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டுக் காணும். விட்ட பிறகு முதல் ஐந்து நிமிடம் பழந்துண்டில் ஓட்டிவிட்டுத்தான் வெள்ளைச் சீருடையை வைக்கவேண்டும். இது எங்கள் அம்மா பழக்கியது. 2008இல் போரால் இடம்பெயர்ந்து நாங்கள் மல்லாவியிலிருந்து வெளிக்கிட்டபோது, மெஷினை முழுதாக ஏற்ற இடமில்லாததால் பிணைச்சல் ஆணி இரண்டையும் தளர்த்தித் தலையை மட்டும் கழற்றிச் சேலையில் சுற்றிச் சைக்கிளில் கட்டினார். பன்னிரண்டு கிலோ இருக்கும். மெஷினின் கால் அங்கேயே போய்விட்டது. பிறகு முகாமில் ஒருவர் பலகைப் பெட்டி ஒன்று அடித்துத் தந்தார், சக்கரத்தில் ஒரு கைபிடி பூட்டிக் கை மெஷினாக்கி அதில்தான் இரண்டு வருடம் தைத்தோம். கூடாரத்துக்குள் இடம் என்று இருந்தது ஒரு பாய் அகலம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் ஹோலில் கால் மெஷினுக்கு இடமே இல்லையென்று ஆகிவிட்டாலும் தலையைக் கழற்றிப் பெட்டியில் பூட்டித் தட்டில் ஏற்றிவைக்க முடியும், விற்கவேண்டியதில்லை. ஒரு கை கைபிடிக்குப் போய்விடுவதால் போர்வை தைக்க அது உதவாது, சட்டைக்குப் போதும்.

யன்னலுக்கும் அறைக் கதவுக்கும் இடையில் எத்தனை அடி என்று அளந்து எழுதுங்கள். கதவு உள்ளே திறக்கிறதா ஹோல் பக்கம் திறக்கிறதா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஹோல் பக்கம் திறந்தால் மெஷினை நான் சொன்ன இடத்தில் வைக்கமுடியாது, வேறு மூலை பார்க்கவேண்டும்.